உன் இலையில் வைக்காத பாட்டில்

மாப்ள,

கோரிப்பாளையத்தில் நான் தங்கியிருக்கும் அறைக்குக் கீழே காப்பிக்கொட்டை வறுக்கிற கடை இருக்கிறது. வறுவல் கொஞ்சம் கூடிவிட்டால் தெரு முழுக்கக் கருகின வாசம் அடிக்கும். கடைக்கார பாய் அடுப்பைத் திட்டுவார். தீபாவளி வரைக்கும் அது எனக்கு வெறும் காப்பி வாசம். இப்போது அந்த வாசம் ஏறினால் ஒரு பீர் நினைவுக்கு வருகிறது. பீர் வந்தால் பின்னாலேயே நீ வருகிறாய். இன்று காலையிலும் கருகியது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

"ஒரு போன் அடிச்சாப் போதாதாடா, எதுக்கு இம்புட்டு எழுத்து?" என்று கேட்பாய். அடித்தேன் மாப்ள. உன் நம்பர் வேறு யாருக்கோ போய்விட்டது. ஒரு பெண் எடுத்து யார் வேண்டும் என்று கேட்டாள். வைத்துவிட்டேன்.

பிரபு தீபாவளிக்கு வந்திருந்தான். பசுமலைப் பள்ளிக்கூடத்தில் நம்மோடு ஒரே பெஞ்சில் இருந்த அதே பிரபுதான். இப்போது பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி, காதில் எந்நேரமும் ஏதோ மாட்டியிருக்கிறான். வீட்டு மொட்டை மாடிக்குக் கூப்பிட்டான். சட்டைத் துணிகளுக்குள் சுற்றிக் கொண்டுவந்த பாட்டில்களைக் குழந்தையை எடுப்பது போல எடுத்து வைத்தான். சின்னச் சின்னக் கண்ணாடிக் கிளாஸ். அதில் பாதிக்கும் கீழே ஊற்றினான்.

"மொதல்ல மோந்து பாரு. அப்புறம் நாக்குல உருட்டு. உடனே முழுங்கிராத."

நான் ஒரே மடக்கில் முடித்துவிட்டேன்.

"டேய், இது குடிக்கிறதுக்கு இல்லடா. டேஸ்ட் பண்றதுக்கு."

"பீரு குடிக்கிறதுக்கு இல்லன்னு இன்னைக்குத்தாண்டா கேள்விப்படுறேன்."

இரண்டாவது தடவை அவன் சொன்னபடியே செய்தேன். நிறம் வரக்காப்பி. நுரைகூட வெள்ளையாக இல்லை, பழுப்பு. முதலில் வந்தது காப்பிக்கொட்டை கருகின வாசம். அதற்கு அடியில் விறகுப்புகை. வாயில் வைத்ததும் தீய்ந்த கருப்பட்டியின் கசப்பு. விழுங்கிய பிறகு, கடைசியில், லேசான புளிப்பு. அந்தப் புளிப்பு எனக்குத் தெரிந்த புளிப்பு. நீ மூட்டை தூக்கப் பரவை மார்க்கெட்டுக்குப் போகும்போது தூக்குவாளியில் கொண்டுபோவாயே கம்மங்கூழ், அது வெயில் ஏற ஏற ஒரு புளிப்புக்கு வருமே, அது. தானியம் புளித்தால் எந்த ஊரிலும் ஒரே புளிப்புதான் போலிருக்கிறது.

பாட்டிலில் ஒரு படம். தொப்பி போட்ட ஒருவன் தோளில் மூட்டையோடு நடக்கிறான். சிரித்துக்கொண்டே நடக்கிறான். எந்த ஊரில் மூட்டைக்குக் கீழே ஒருவன் சிரிப்பான்?

பிரபு கதையைச் சொன்னான். சில நூறு வருசங்களுக்கு முன்னால் லண்டன் தெருக்களிலும் படகுத்துறையிலும் மூட்டை தூக்கினவர்கள் குடித்த பீராம். மூட்டை தூக்குகிறவனுக்கு அங்கே போர்ட்டர் என்று பேர். அவன் குடித்ததால் பீருக்கும் அதே பேர் வந்துவிட்டது. வேலைக்கு நடுவில் சுமையை இறக்கிவைத்துவிட்டு ஒரு குவளை குடித்துவிட்டுத் திரும்பத் தூக்குவார்களாம். சாப்பாட்டில் பாதி அதுதானாம். இப்போது பெங்களூரில் யாரோ பழைய செய்முறையைத் தோண்டி எடுத்து, முளைகட்டிய பார்லியை விறகுத் தீயில் காயவைத்து, மரப்பீப்பாயில் மாதக்கணக்கில் போட்டுவைத்து, அதே மாதிரி செய்கிறார்கள். விலை கேட்டேன். சொன்னான். இங்கே எழுத மாட்டேன்; நீ கேட்டால் மறுபடி செத்துப்போவாய்.

"அப்ப இது லோடுமேன் பீரு" என்றேன்.

பிரபு சிரித்தான். பிறகு கிளாஸைச் சுழற்றியபடியே சொன்னான். "நம்ம பயலத்தான் நெனச்சேன்டா. நல்ல பய. குடிச்சே போயிட்டான்."

கையில் போர்ட்டரை வைத்துக்கொண்டு உன்னைச் சொன்னான் மாப்ள. லண்டன் லோடுமேன் குடித்தது சரித்திரம். பரவை லோடுமேன் குடித்தது சாவுக்குக் காரணம். அவனை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். "பலக ஒடிஞ்சுதாண்டா விழுந்தான்" என்றேன். "இல்லடா, குடிச்சிருந்தான்னுதான் எல்லாரும் சொல்றாங்க" என்றான். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அதுதான் விசயமே.

போன வருச ஐப்பசியில், அடைமழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு காலையில், வெங்காய மூட்டையோடு லாரிக்குச் சாய்த்திருந்த பலகையில் ஏறும்போது விழுந்தாய். மூட்டை உன் கழுத்து மேல் விழுந்தது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவரும்போதே உயிர் இல்லை. பிணவறை வாசலில் நான் வந்து நின்றபோது வெங்காய மண்டிக்காரரின் ஆள் ஒருவன் எல்லோரிடமும் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தான். "சரக்கு வாடை அடிச்சுச்சுங்க. என்ன செய்யிறது?" உன் லோடுமேன் செட்டுக்கு மேஸ்திரி முத்தையா அண்ணன். அவரும் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா, கொஞ்சம் போட்டிருந்தான்" என்றார். மேஸ்திரியே சொன்ன பிறகு மற்றவன் எவன் வாயைத் திறப்பான்? பலகை விரிசல் விட்டிருந்தது என்று ஒருத்தன் மட்டும் சுடுகாட்டில் என் காதில் சொன்னான். அவன் பேரை எழுத மாட்டேன். அவனுக்கு இன்னும் அங்கேதான் வேலை.

உன் மனைவி செல்வி நஷ்டஈடு கேட்டு லேபர் ஆபீஸில் கேஸ் போட்டாள். குடித்துவிட்டு விழுந்தவனுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று மண்டிக்காரர் பதில் கொடுத்தார். கேஸ் அங்கேயே நிற்கிறது.

நீ குடிப்பாய். உன்னைப் புனிதனாக்குவதற்காக நான் எழுதவில்லை. லோடு முடிந்து, குளித்து, தூங்கி எழுந்து, சாயங்காலம் திண்டுக்கல் ரோட்டு ஒயின்ஷாப் பாருக்குப் போவாய். என் சைக்கிளும் பிறகு என் பைக்கும் அங்கே உனக்காக நின்றிருக்கின்றன. காசு இருக்கிற நாளில் பீர், இல்லாத நாளில் குவாட்டர். ஜில்லென்று பீர் கிடைத்துவிட்டால் நீ உடனே திறக்க மாட்டாய். மூட்டை உரசி உரசிக் காய்த்துப்போயிருந்த பிடரியில் பாட்டிலை வைத்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் உருட்டுவாய். கண் தானாகச் சொருகும். "மொதல்ல கழுத்து குடிக்கட்டும் மாப்ள. தூக்குனது அதுதான?" என்பாய். பாரில் இருக்கிறவன் எல்லாம் பார்த்துச் சிரிப்பான். "இவன் கழுத்துக்கு ஒரு சைடிஷ் சொல்லுங்கடா!"

அன்று காலையில் நீ குடித்திருந்தாயா? எனக்குத் தெரியாது. முந்தின நாள் சாயங்காலம் குடித்தாய், செல்வியே சொன்னாள். வாடை அதுவாக இருக்கலாம். கடை திறக்கும் முன்னே கறுப்பில் வாங்கிக் காலையில் போட்டதாகவும் இருக்கலாம். எனக்கு அது தெரியவும் வேண்டாம். விரிசல் விட்ட பலகை, குடித்தவனுக்கு ஒரு மாதிரியும் குடிக்காதவனுக்கு ஒரு மாதிரியும் ஒடியாது. அந்த லண்டன்காரர்களும் வேலை நேரத்தில்தானே குடித்தார்கள்? அவர்களில் எத்தனை பேர் பலகை ஒடிந்து செத்தார்களோ. பாட்டிலில் அதை எழுதவில்லை. படத்தில் ஒருத்தன் சிரித்துக்கொண்டு நடக்கிறான், அவ்வளவுதான்.

பிரபுவிடம் ஒரு பாட்டில் கேட்டு வாங்கினேன். எதற்கு என்றான். உன் முதல் தெவசம் வந்துகொண்டிருந்தது. போய்ச் சேர்ந்தவர் விரும்பியதை எல்லாம் இலையில் வைக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் அவர் அரைவயிறாகத் திரும்பிப்போவார், இல்லையா? உனக்குக் கறிக்குழம்பும் ஈரலும் செல்வி வைப்பாள். பீடிக்கட்டு வைப்பாள். குடிக்கிறதற்கு நான் இதை வைப்பேன் என்று நினைத்தேன். உன் ஆட்கள் பேரிலேயே இருக்கிற பீர். உன்னைக் குடிகாரன் என்று சொன்ன வாய்களுக்கு முன்னால் வைக்க இதைவிடப் பொருத்தமான பாட்டில் எது? பரவையில் உன் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்கு அப்படி ஒரு பெருமை. படித்தவனுக்கு வருகிற பெருமை.

செல்வி வாசல் தெளித்துவிட்டு நின்றாள். பாட்டிலைப் பார்த்தாள். நான் கதையைச் சொன்னேன். லண்டன், மூட்டை, பேர், எல்லாம். பொறுமையாகத்தான் கேட்டாள்.

"நல்ல கதைதாண்ணே. அத வண்டியிலயே வச்சிட்டு வாங்க."

"அவனுக்காகக் கொண்டு வந்தேம்மா."

"தெரியுது. இன்னைக்கு இந்த வீட்டுல சரக்கு வைக்கல."

போய் வைத்துவிட்டு வந்தேன்.

உன் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை. கறிக்குழம்பு, ஈரல் வறுவல், அவித்த முட்டை, பரோட்டா, நீ கேட்கிற மாதிரி கெட்டிச் சால்னா, பீடி, தீப்பெட்டி. இலைக்கு வலது பக்கம் ஒரு டம்ளர் தண்ணீர். வழக்கமாகப் பாட்டில் வைக்கிற இடம் காலியாக இருந்தது. சொந்தக்காரர்கள் அதைப் பார்த்தார்கள்.

அப்போதுதான் முத்தையா அண்ணன் வந்தார். ஒரு வருசத்தில் ரொம்ப ஒடுங்கிப்போயிருந்தார். வேட்டி மடிப்பிலிருந்து ஒரு குவாட்டரை எடுத்தார். செட்டு ஆள் போய்விட்டால் தெவசத்துக்கு மேஸ்திரிதான் சரக்கு வாங்கி வந்து தன் கையால் ஊற்ற வேண்டும், அது உங்கள் மார்க்கெட் முறை. நீயே சொல்லியிருக்கிறாய், "எங்க மேஸ்திரி உசுரோட இருக்கிறப்ப ஒரு டீ வாங்கித் தர மாட்டாரு, செத்தாத்தான் குவாட்டரு" என்று. அவர் மூடியில் கை வைத்ததும் செல்வி இலைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஊத்தாதீங்கண்ணே."

"என்ன தாயி, மொறை இல்லையா?"

"மொறைதான். ஆனா நீங்க ஊத்துனா, அவரு குடிச்சிட்டு விழுந்தாருன்னு நானும் சேந்து ஒத்துக்கிட்டதா ஆகும். சாமிக்கு முன்னால வச்சு ஒத்துக்கிட்டதா ஆகும்."

"அப்படி எவன் சொன்னான்? படையல் வேற, கேஸு வேற தாயி."

"உங்களுக்கு வேற வேற. எனக்கு ஒண்ணுதான்."

முத்தையா அண்ணன் பாட்டிலைப் பிடித்தபடியே நின்றார்.

"தாகத்தோட போவான் தாயி. அவன் எம்புட்டு ஆசையாக் குடிப்பான்னு ஒனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியாதா? நாந்தான வாந்தி அள்ளுனேன்." அவள் குரல் ஏறவே இல்லை மாப்ள. "தாகத்தோடயே போகட்டும். எப்படி விழுந்தாருன்னு நீங்க வந்து ஆபீஸ்ல சொல்லுங்க. சொன்ன அன்னைக்கு ராவோ பகலோ, இந்த வாசலுக்கு வாங்க. நானே டம்ளர் எடுத்துத் தாரேன். அதுவரைக்கும் அவருக்குத் தண்ணிதான்."

எனக்குக் காது சுட்டது. வண்டிப் பெட்டிக்குள் கிடந்த என் லண்டன் கதையை நினைத்தேன். நான் ஒரு பாட்டிலை வைத்து உனக்கு மரியாதை செய்ய வந்தேன். அவள் ஒரு பாட்டிலை வைக்காமல் அதைச் செய்தாள்.

தெவசத்துக்கு வந்தவர் கை நனைக்காமல் போகக் கூடாது. முத்தையா அண்ணனும் பந்தியில் உட்கார்ந்தார். என் பக்கத்து இலைதான். சோற்றைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார். குழம்பு கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் இலையை மூடிவிட்டு எழுந்து, யாரிடமும் வாரேன் என்று சொல்லாமல் போய்விட்டார்.

கொஞ்ச நாள் கழித்து அவரே என்னைத் தேடி இங்கே வந்தார். காப்பிக்கடை வாசலில் நின்று என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். டீ வாங்கிக் கொடுத்தேன்.

"தம்பி, அந்தக் குவாட்டரு அப்படியே கெடக்கு. படையலுக்குன்னு வாங்குனதக் குடிக்க முடியுமா? கீழ கொட்டவும் மனசு வரல. பொண்டாட்டி வேற அதப் பாத்துப் பாத்துப் பயப்படுறா. அவன் வந்து கேப்பான்கிறா."

"வேற வாங்கிக் குடிங்க."

"குடிச்சேன். எறங்க மாட்டேங்குது." டீயை ஊதினார். குடிக்கவில்லை. "என்னைக்கு வாய்தா?"

சொன்னேன்.

நான் அவரை நல்லவராக்கப் பார்க்கவில்லை. உன் மேல் பழி போட்டுவிட்டு ஒரு வருசம் உன் இடத்தில் வேறு ஆளை நிறுத்தி லோடு இறக்கினவர். ஆனால் செட்டையே வெளியே தள்ளிவிட்டு வடக்கேயிருந்து வேறு ஆள் கொண்டுவருவேன் என்று மண்டிக்காரர் மிரட்டியதும் எனக்குத் தெரியும். முதலாளி எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை, தொழிலாளி வாயால் தொழிலாளியைக் குடிகாரன் ஆக்கிவிடலாம். இந்த வித்தைக்குத்தான் எனக்கு வயிறு எரிகிறது.

வாய்தா அன்று காலையில் அவர் வீட்டு வாசலில் பைக்கோடு நின்றேன். வர மாட்டார் என்றுதான் நினைத்தேன். தேய்த்த சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, கல்யாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரி வந்து பின்னால் ஏறினார். ஆபீஸ் வராந்தாவில் சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். செல்வி எதிர்ச் சுவர் ஓரமாக இருந்தாள். கடைசியில், அதிகாரிக்கு வேறு வேலை வந்துவிட்டது, இனிமேல் தை பிறந்துதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவ்வளவுதான். இவ்வளவு தூரம் ஒரு மனிதனை இழுத்துவந்து நிறுத்தினால், கேட்பதற்கு அங்கே ஆள் இல்லை.

திரும்பும்போது விளாங்குடி தாண்டியதும் என் முதுகுக்குப் பின்னால் அவர் குரல் வந்தது. காற்றில் பாதி போய்விட்டது. வண்டியை மெதுவாக்கினேன்.

"பலக விரிசல் விட்டுத்தான் இருந்துச்சு தம்பி. மொதலாளிக்குப் பயந்து மட்டும் நான் வாய மூடல." சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்கு மழ. பலக வழுக்குச்சு. காலு வழுக்கக் கூடாதேன்னு நாந்தான் ஒரு கோணியக் கொண்டாந்து மேல விரிச்சேன். எப்பவும் செய்யிறதுதான. விரிசல் அதுக்கு அடியில போயிருச்சு. அவன் பாக்கல. பாத்திருந்தா ஓரமா மிதிச்சு ஏறியிருப்பான். ஏற வேண்டாம்னே சொல்லியிருப்பான், வாய்க்கொழுப்புப் புடிச்சவன்."

நான் வண்டியை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். பார்த்தால் அவர் பேச்சை நிறுத்திவிடுவார்.

"கோணி விரிச்சேன்னு எப்படிச் சொல்றது தம்பி? குடிச்சிருந்தான்னு சொல்றது லேசா இருந்துச்சு."

பரவை முக்கில் இறங்கிக்கொண்டார். தைக்கு வருவீர்களா என்று கேட்டேன். "பாப்போம்" என்றார். அந்த முகத்தில் இருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

வழுக்கி விழக் கூடாது என்று விரித்த சாக்கு மாப்ள. உன் மேல் இருந்த அக்கறைதான் உன்னைக் கொன்றது. அதை மறைக்கத்தான் அவர் உன்னைக் குடிகாரன் ஆக்கினார். இதை நான் யார் மேல் கோபப்பட்டுத் தீர்ப்பது? மண்டிக்காரர் மேல் பட முடிகிறது. விரிசல் விட்ட பலகையை மாற்றாதவர் அவர். அந்தக் கோபம் சுத்தமாக இருக்கிறது. முத்தையா அண்ணன் மேல் படப் போனால் பாதியில் நின்றுவிடுகிறது. நீ இருந்தால் என்ன சொல்வாய் என்றுகூடத் தெரியவில்லை. அவரைத் திட்டுவாயா, "போய்த் தொலையுது விடுண்ணே" என்று சிரிப்பாயா? இரண்டையும் உன் குரலில் சொல்லிப் பார்த்தேன். இரண்டும் பொருந்துகிறது.

அன்று சாயங்காலமே செல்வி போன் செய்தாள்.

"வண்டியில வரும்போது ஏதாச்சும் சொன்னாராண்ணே?"

எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் நான் சொன்னால் அது காற்றோடு வந்த சேதி. அவள் ஒரு வருசம் காத்திருந்தது அதற்காக இல்லை. அந்த ஆள் வாயிலிருந்து, அந்த அதிகாரி மேசைக்கு முன்னால் நின்று, உன் பேரைச் சொல்லி வர வேண்டும்.

"தைக்குப் பாப்போம்மா" என்றேன்.

"சரிண்ணே, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து அவர் சொன்னது என்னிடம்தான் இருக்கிறது. அறையில், பஸ்ஸில், வேலை செய்கிற இடத்தில், எங்கேயும் இறக்கிவைக்க இடம் இல்லை. ஊரில் பேச ஆள் இல்லாமல் இல்லை. பிரபு தினமும் ஏதாவது அனுப்புகிறான். இதைச் சொல்லக்கூடிய ஆள் ஒருத்தன்தான் இருந்தான். அவனுக்குத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். தை வர இன்னும் மார்கழி முழுக்கக் கிடக்கிறது மாப்ள. அவர் வாய் திறக்கிற வரைக்கும் நான் இதைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன்.